தாழ்ப்பாள் போட்ட கதவும் உடைந்த இடுப்பும்

ஒரு காட்சியைக் கற்பனை பண்ணிக்கோங்க. ராத்திரி பதினோரு மணி. பைக்கில் போன ஒருவரைப் பக்கவாட்டில் இருந்து ஒரு கார் இடித்துவிட்டது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அவருடைய இடுப்பைச் சுற்றி அகலமான ஒரு பட்டையை இறுக்கிக் கட்டிக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எலும்புகள் கிட்டத்தட்ட இடத்தில்தான் இருக்கின்றன. சி.டி. ஸ்கேனும் எடுக்கிறார்கள். பெரிய விலகல் எதுவும் இல்லை. "பெருசா ஒண்ணும் இல்ல போல" என்று எல்லோரும் மூச்சு விடுகிறார்கள்.

அப்புறம் அந்தப் பட்டையைக் கழற்றுகிறார்கள். இடுப்பு வளையத்தின் முன்பக்கம் மெல்லத் திறந்துகொள்கிறது.

ஸ்கேன் பொய் சொன்னதா? இல்லை. அந்த நொடியில் எலும்புகள் எங்கே இருந்தனவோ அதைத்தான் அது காட்டியது. நாம் கேட்ட கேள்விதான் வேறு. "எலும்பு எங்கே இருக்கு?" என்பது ஒரு கேள்வி. "சுமை வந்தா எலும்பு எங்கே போகும்?" என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை வைத்துக்கொண்டு இரண்டாவது கேள்விக்கு எப்படிப் பதில் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. படிக்க மருத்துவம் தெரிய வேண்டியதில்லை. முதல் வருஷ மெக்கானிக்ஸும் இன்ஜினியரிங் டிராயிங்கும் கொஞ்சம் ஞாபகம் இருந்தால் போதும். அரியர் வச்சவங்களும் தாராளமா படிக்கலாம்!

ஸ்டேபிலிட்டின்னா என்ன?

உங்க ஹாஸ்டல் ரூம் கதவை எடுத்துக்கோங்க. கீல் ஆணி எல்லாம் கழன்று போயிருக்கு. ஆனா கதவு மூடி, தாழ்ப்பாள் போட்டிருக்கு. அதை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால், பார்க்கிறவர்கள் "கதவு நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். தாழ்ப்பாளை எடுத்து, பிடித்து இழுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

இடுப்பெலும்பு முறிவிலும் விஷயம் இதுதான். உடலின் இயல்பான சுமைகளை, அதாவது உட்காருவது, திரும்பிப் படுப்பது, நிற்பது, நடப்பது போன்றவற்றை, வடிவம் கெடாமல் தாங்க முடிந்தால் அந்த இடுப்பு ஸ்டேபிள். முடியாவிட்டால் அன்ஸ்டேபிள். இதை நம் பாஷையில் எழுதினால்:

விசை = விறைப்பு × நகர்வு

மருத்துவருக்குத் தெரிய வேண்டியது விறைப்பு. ஆனால் படுத்த நிலையில் எடுத்த படத்தில் இடுப்பின் மேல் விசை கிட்டத்தட்ட பூஜ்யம். பூஜ்ய விசையில் நகர்வை மட்டும் அளந்து விறைப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னால், "கொடுத்த டேட்டா போதாது" என்றுதான் நாம் பேப்பரில் எழுதுவோம். மருத்துவர் அப்படி எழுதிவிட்டுப் போக முடியாது. பிளேட், ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் பண்ணணுமா, இல்லை ஊன்றுகோல் கொடுத்து நடக்க விடலாமா என்று அவர் முடிவெடுத்தே ஆகணும். தேவையில்லாத ஆபரேஷனும் ஆபத்து. தேவையான ஆபரேஷனைத் தவறவிட்டால் எலும்பு கோணலாகக் கூடி, கால் ஏற்ற இறக்கம், உட்காரும்போது சாய்வு, தீராத முதுகுவலி என்று வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

வளையம் எப்படி நிற்கிறது

இடுப்பு என்பது ஒரே எலும்பு இல்லை. பின்னால் நடுவில் சேக்ரம். முதுகுத்தண்டின் அடியில் முக்கோண வடிவில் இருக்கும் எலும்பு. அதன் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய இடுப்பெலும்புகள். சேக்ரத்தோடு அவை சேரும் இடம் சேக்ரோ-இலியாக் மூட்டு. நாம் சுருக்கமாகப் 'பின்மூட்டு' என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் இரண்டும் சந்திக்கும் இடம் பியூபிக் சிம்பைசிஸ். அதை 'முன்இணைப்பு' என்போம். ஆக மூன்று துண்டு, மூன்று இணைப்பு, ஒரு வளையம்.

இதில் ஒரு ஆச்சரியம் இருக்கு. சதை, நார் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வெறும் எலும்புகளை மட்டும் சேர்த்து வைத்தால் வளையம் நிற்காது, மூன்று துண்டாக விழுந்துவிடும். அதைப் பிடித்து வைத்திருப்பது லிகமெண்டுகள், அதாவது எலும்பையும் எலும்பையும் கட்டிப்போடும் நார்கள். அவற்றில் மிக வலுவானது பின்மூட்டுக்குப் பின்புறம் இருக்கும் நார்க்கூட்டம். உடலிலேயே மிக வலுவான லிகமெண்டுகளில் அதுவும் ஒன்று. தொங்கு பாலத்தின் கேபிள் மாதிரி அது சேக்ரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது.

இப்போ இதை இரட்டைக் கதவாகப் பாருங்க. சேக்ரம் பின்னால் இருக்கும் நிலை. இரண்டு இடுப்பெலும்புகளும் இரண்டு கதவுகள். பின்புற நார்கள் கீல். முன்இணைப்பு தாழ்ப்பாள். இடுப்பின் அடித்தளத்தில் சேக்ரத்தையும் இடுப்பெலும்பையும் இணைக்கும் சேக்ரோஸ்பைனஸ், சேக்ரோட்யூபரஸ் என்ற இரண்டு நார்கள், கதவு ரொம்பத் திறக்காமல் பிடிக்கும் சங்கிலி. பின்மூட்டின் முன்பக்க நாரும் அந்த வேலைக்குத் துணை.

இந்தப் படம் மனசில் இருந்தால் இனி வருவதெல்லாம் சுலபம்.

மூன்று திசை, மூன்று விதம்

விபத்தில் இடுப்பு உடையும் விதத்தை, விசை வந்த திசையை வைத்துப் பிரிப்பார்கள். யங்–பர்கெஸ் வகைப்பாடு என்று இதற்குப் பெயர். 1980களில் உருவானது.

முதல் வகை, முன்னாலிருந்து பின்னால் வரும் விசை. இதில் கதவு திறக்கும். தாழ்ப்பாள் மட்டும் தளர்ந்தால் முதல் நிலை. தாழ்ப்பாள் போய், சங்கிலியும் அறுந்து, கீல் மட்டும் மிச்சம் இருந்தால் இரண்டாம் நிலை. கீலும் போய்விட்டால் மூன்றாம் நிலை. மருத்துவர்கள் இதைத் 'திறந்த புத்தகம்' என்பார்கள். புத்தகம் பைண்டிங்கோடு இருக்கா, பைண்டிங்கே பிய்ந்து போச்சா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, பக்கவாட்டில் வரும் விசை. ஆரம்பத்தில் நாம் பார்த்த பைக்–கார் மோதல் மாதிரி. இதில் கதவு உள்பக்கமாக நசுங்கும். முன்னால் பியூபிக் எலும்பு முறியும், பின்னால் சேக்ரம் அமுங்கும். பல நேரம் நார்கள் தப்பிவிடும். அதனால் இந்த வகையில் லேசானவை நிறைய, ஆனால் எல்லாமே லேசு இல்லை. விசை அதிகமாக இருந்தால் அடி விழுந்த பக்கம் உள்ளே மடங்க, எதிர்ப்பக்கம் வெளியே திறந்துகொள்ளும். பட்டை கழற்றியதும் முன்பக்கம் திறந்தது இப்படித்தான்.

மூன்றாவது, மேலிருந்து கீழே விழுவது. மாடியிலிருந்து, மரத்திலிருந்து விழுந்து காலை ஊன்றும்போது ஒரு பக்க இடுப்பு மொத்தமாக மேலே தள்ளப்படும். கதவு கீலிலிருந்தே பெயர்ந்து மேலே போன மாதிரி.

இதே விஷயத்தை டைல் வகைப்பாடு இன்னும் சுருக்கமாகச் சொல்லும். ஏ என்றால் வளையம் ஸ்டேபிள். பி என்றால் சுழலும், ஆனால் மேலே கீழே நகராது. கீல் இருக்கிறது என்று அர்த்தம். சி என்றால் சுழலும், நகரும், எல்லாம் நடக்கும். அதாவது கீலே இல்லை. ஃப்ரீடம் எத்தனை டிகிரி என்ற நம்ம கேள்விதான் இது, வேற ஒண்ணும் இல்ல.

இதோடு ஒரு வளைய விதியும் உண்டு. ஒரு கண்ணாடி வளையலை ஒரே இடத்தில் மட்டும் உடைத்து அகலமாகத் திறக்க முடியுமா? முடியாது. கெட்டியான வளையம் திறக்கணும்னா இரண்டாவதாக ஒரு இடமும் விட்டுக்கொடுத்தாகணும். அதனால் எக்ஸ்ரேயில் முன்பக்கம் ஒரு முறிவு தெரிந்தால் உடனே பின்பக்கம் தேடு என்பது பால பாடம். குழந்தைகளின் எலும்பு வளைந்து கொடுக்கும் என்பதால் அவர்களுக்கு மட்டும் இதில் கொஞ்சம் விலக்கு உண்டு.

முதல் எக்ஸ்ரே: நிழலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது

பெரிய விபத்தில் வந்தவருக்கு முதலில் எடுப்பது, மல்லாக்கப் படுத்திருக்க மேலிருந்து எடுக்கும் ஒரே ஒரு எக்ஸ்ரே. சில நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் அது ஒரு நிழல். முப்பரிமாணப் பொருளைத் தட்டையாக்கிய நிழல்.

இதில் முக்கியமாக அளப்பது முன்இணைப்பின் இடைவெளி. வளர்ந்தவர்களுக்கு இது சாதாரணமாக அரை சென்டிமீட்டர் அளவில் இருக்கும். கர்ப்பகாலத்தில் இன்னும் கொஞ்சம் விரியும். 2.5 செ.மீ.க்கு மேல் போனால் சங்கிலி நார்களும் அறுந்திருக்கும் என்பது பழைய கணக்கு. நார்களை ஒவ்வொன்றாக வெட்டி, எவ்வளவு திறக்கிறது என்று இறந்த உடல்களில் அளந்து பார்த்த சோதனைகளிலிருந்து வந்தது.

ஆனால் இந்த 2.5-ஐ சட்டம் மாதிரி பிடித்துக்கொள்ளக் கூடாது. முதலாவது, உடல் அளவு ஆளுக்கு ஆள் மாறும். இரண்டாவது, எக்ஸ்ரேயில் பெரிதாக்கம் உண்டு. ஒரு சின்ன கணக்கு: எக்ஸ்ரே குழாயிலிருந்து டிடெக்டர் 100 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். படுத்திருப்பவரின் முன்இணைப்பு, டிடெக்டரிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. குழாயிலிருந்து அதன் தூரம் 80 செ.மீ. பெரிதாக்கம் 100/80, அதாவது 1.25. படத்தில் 2.5 செ.மீ. என்று அளந்தால் உண்மை 2 செ.மீ. மூன்றாவது காரணம்தான் பெரியது. மோதிய அந்த நொடியில் 5 செ.மீ. திறந்துவிட்டு, தசைகளின் இழுப்பில் திரும்ப 1.5 செ.மீ.க்கு வந்திருக்கலாம். படம் கடைசி நிலையைத்தான் காட்டும், உச்சத்தைக் காட்டாது.

அதனால் அனுபவமுள்ளவர்கள் இடைவெளியை மட்டும் பார்க்க மாட்டார்கள். துப்பறிவாளர் மாதிரி சின்னச் சின்னத் தடயங்களைத் தேடுவார்கள். நார்கள் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆனால் நார் அறும்போது தான் ஒட்டியிருந்த எலும்பின் நுனியைப் பிய்த்துக்கொண்டு போகும். அது தெரியும். ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் பக்க நீட்டம் உடைந்திருந்தால், இலியோலம்பார் நார் இழுத்திருக்கிறது, ஒரு பக்க இடுப்பு மேலே போயிருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். இஸ்கியல் ஸ்பைன் என்ற முள் பெயர்ந்திருந்தால் சேக்ரோஸ்பைனஸ் சங்கிலி இழுபட்டிருக்கிறது. சுவரில் ஆணி பிய்ந்து வந்த ஓட்டையைப் பார்த்து, கொடியில் எவ்வளவு கனமான துணியைக் காயப் போட்டாங்கன்னு ஊகிக்கிற மாதிரி.

டாப் வியூ, ஃப்ரண்ட் வியூ

மல்லாக்கப் படுத்திருக்கும்போது இடுப்பு வளையம் நேராக மேலே பார்ப்பதில்லை, சாய்ந்திருக்கிறது. அதனால் நேர் எக்ஸ்ரே என்பது உண்மையில் சாய்ந்த பார்வை. விளைவு என்ன? ஒரு பக்க இடுப்பு மேலே போனாலும் படத்தில் மேலே தெரியும். பின்னால் போனாலும் படத்தில் மேலே போன மாதிரியே தெரியும். ஒரு சமன்பாடு, இரண்டு தெரியாத எண்கள். தீர்க்க முடியாது.

தீர்வு நமக்குத் தெரிந்ததுதான்: இன்னொரு வியூ. எக்ஸ்ரே குழாயைச் சுமார் 40–45 டிகிரி சாய்த்து, தலைப்பக்கத்திலிருந்து காலை நோக்கி எடுத்தால் அது இன்லெட் வியூ. கிணற்றின் மேல் நின்று உள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரி வளையம் முழுசாகத் தெரியும். யார் முன்னே, யார் பின்னே, எந்தப் பக்கம் உள்ளே சுழன்றிருக்கிறது என்பது இதில் வெளிச்சமாகும். குழாயை எதிர்த்திசையில் அதே அளவு சாய்த்து, கால்பக்கத்திலிருந்து எடுத்தால் அவுட்லெட் வியூ. சேக்ரம் நேர்முகமாகத் தெரியும். மேலே கீழே எவ்வளவு விலகல் என்பதை இதில் பார்க்கலாம்.

இரண்டு பார்வைக்கும் இடையே கோணம் கிட்டத்தட்ட 90 டிகிரி. அதாவது டாப் வியூவும் ஃப்ரண்ட் வியூவும். டிராஃப்டர் பிடித்துக் கஷ்டப்பட்டதெல்லாம் வீண் போகல பாருங்க!

சி.டி.: வளையத்தின் பின்பக்கம்

எக்ஸ்ரேயின் பெரிய பலவீனம் பின்பக்கம். சேக்ரம் வளைந்த எலும்பு. அதன் மேல் குடல் வாயு நிழலும் விழும். அங்கே ஒரு முறிவு ஒளிந்துகொள்வது சுலபம். ஆனால் நமக்கு முக்கியமான கீல் அங்கேதான் இருக்கிறது.

இங்கேதான் சி.டி. வருகிறது. பல கோணங்களில் எடுத்த நிழல்களிலிருந்து உள்ளே இருக்கும் பொருளைத் திரும்பக் கட்டமைக்க முடியும் என்று கணித அளவில் யோஹான் ராடான் 1917-லேயே காட்டிவிட்டார். அதை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற இன்ஜினியர். 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1979-ல் ஆலன் கார்மாக் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து அவருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. மருத்துவம் படிக்காத இரண்டு பேருக்கு மருத்துவ நோபல்! நம்ம கிளாஸ்ல யாராவது "இதுக்கும் இன்ஜினியரிங்குக்கும் என்ன சம்பந்தம்"னு கேட்டா இதைச் சொல்லுங்க.

இடுப்பு சி.டி.யில் மருத்துவர் பார்க்கும் முக்கியமான விஷயங்கள் மூன்று.

ஒன்று, பின்மூட்டின் இடைவெளி வடிவம். முன்பக்கம் மட்டும் விரிந்து, பின்பக்கம் ஒட்டியிருந்தால் அது ஆப்பு மாதிரி இருக்கும். கீல் இருக்கு, கதவு திறந்திருக்கு என்று அர்த்தம். முன்னும் பின்னும் ஒரே மாதிரி விரிந்திருந்தால் கீலும் போச்சு.

இரண்டு, சேக்ரத்தின் முறிவு எவ்வளவு ஆழம். முன்பக்கம் மட்டும் லேசாக அமுங்கியிருக்கிறதா, இல்லை முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை முழுசாக வெட்டிக்கொண்டு போகிறதா? முழுசாகப் போனால் நகர வாய்ப்பு கூடுதல். அந்தக் கோடு நரம்புகள் வெளியே வரும் துளைகளின் வழியே போகிறதா என்பதையும் பார்ப்பார்கள். முறிவு நடுக்கோட்டை நெருங்க நெருங்க நரம்பு பாதிப்புக்கான சாத்தியம் அதிகம்.

மூன்று, ரத்தம். இடுப்பின் பின்சுவர் முழுக்க ரத்தக்குழாய்கள். அங்கே லிட்டர் கணக்கில் ரத்தம் வெளியே தெரியாமல் தேங்க முடியும். உடலில் மொத்தமே சுமார் 5 லிட்டர்தான். பெரும்பாலும் கசிவது சிரைகளிலிருந்தும் உடைந்த எலும்பிலிருந்தும்தான். ஆனால் தமனி அறுந்திருந்தால், ஊசி வழியே செலுத்திய கான்ட்ராஸ்ட் மருந்து குழாயை விட்டு வெளியே கசிவது சி.டி.யில் வெள்ளையாகத் தெரியும். அப்போது ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை விட்டு அந்தக் கசிவை அடைக்கலாம்.

சி.டி. தரவிலிருந்து கம்ப்யூட்டர் அழகான முப்பரிமாணப் படமும் வரைந்து கொடுக்கும். அதைப் பார்த்தால் முழு உருவமும் ஒரே பார்வையில் புரியும். ஆனால் அதை உருவாக்கும்போது மேற்பரப்பு வழவழப்பாக்கப்படுவதால் மெல்லிய விரிசல்கள் காணாமல் போகலாம். அதனால் முப்பரிமாணப் படத்தை மட்டும் நம்பாமல், வெட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆகணும். ரெண்டரிங் பார்த்து மயங்காதே, செக்‌ஷனல் வியூவைப் பார் என்று கேட் லேபில் சொல்வது இங்கேயும் பொருந்தும்.

கதிர்வீச்சுக் கணக்கும் சொல்லிவிடணும். ஒரு இடுப்பு எக்ஸ்ரே 1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. வயிறு–இடுப்பு சி.டி. சுமார் 10 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து நமக்குக் கிடைப்பது உலக சராசரியில் வருஷத்துக்கு சுமார் 2.4. உயிர் போகிற நேரத்தில் இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் "இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போமே" என்று சொல்லும் முன் யோசிக்க வைக்கும் விஷயம்.

"நார்தான் முக்கியம்னா எம்.ஆர்.ஐ. எடுத்து நாரையே நேரா பார்த்துடலாமே?" என்று கேட்பீங்க. பார்க்கலாம், தெரியும். ஆனால் அதற்கு நேரம் ஆகும். ரத்த அழுத்தம் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரை, இரும்புப் பொருள் எதுவும் நெருங்கக் கூடாத காந்தக் குகைக்குள் அவ்வளவு நேரம் வைத்திருக்க முடியாது. அதனால் அவசர நேரத்தில் அது முதல் தேர்வு இல்லை.

பட்டை கட்டிய பிறகு எடுத்த படம்

இப்போ ஆரம்பக் காட்சிக்கு வருவோம். அந்தப் பட்டைக்குப் பெயர் பெல்விக் பைண்டர். தொடை எலும்பின் மேல்முனை பக்கவாட்டில் புடைத்திருக்குமே, அந்த உயரத்தில் கட்டுவார்கள். வயிற்றில் பெல்ட் கட்டுவது மாதிரி மேலே கட்டினால் பயனில்லை. திறந்த கதவை மூடி, உள்ளே ரத்தம் தேங்கும் இடத்தைக் குறைத்து, உடைந்த எலும்பு முனைகள் அசையாமல் வைப்பதுதான் அதன் வேலை. உயிர் காக்கிற வேலை.

ஆனால் நன்றாகக் கட்டிய பைண்டர் என்பது வெளியிலிருந்து போட்ட தாழ்ப்பாள். அதோடு சி.டி. எடுத்தால் தாழ்ப்பாள் போட்ட கதவின் போட்டோதான் கிடைக்கும். நார் மட்டும் அறுந்து எலும்பு உடையாத 'திறந்த புத்தக' வகையில் இது ரொம்ப ஆபத்து. ஏனென்றால் பார்ப்பதற்கு முறிவுக்கோடே இருக்காது. பைண்டர் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, அவ்வளவு நன்றாகக் காயத்தை மறைக்கும்.

அதனால் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும், விபத்தின் வேகமும் நோயாளியின் நிலையும் சந்தேகத்தைக் கிளப்பினால், ரத்த அழுத்தம் நிலைப்பட்ட பிறகு, மருத்துவர் பக்கத்தில் இருக்க, பைண்டரைத் தளர்த்தி இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். விலை குறைந்த, பழைய, சாதாரண எக்ஸ்ரே. அதிநவீன ஸ்கேன் விட்டதை அது பிடித்துவிடும். காரணம் மெஷின் இல்லை, சுமை நிலை மாறியதுதான்.

சுமை கொடுத்துப் பார்

இதே யோசனையை ஒரு படி மேலே கொண்டுபோனால் வருவதுதான் மயக்கம் கொடுத்துச் செய்யும் ஸ்ட்ரெஸ் பரிசோதனை. விழித்திருக்கும்போது வலியால் தசைகள் இறுகி, வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். மயக்கத்தில் அந்தப் பிடிப்பு போய்விடும். அப்போது சர்ஜன் இடுப்பை இரு பக்கமும் உள்நோக்கி அழுத்துவார், வெளிநோக்கித் தள்ளுவார், ஒரு காலை இழுத்து இன்னொன்றைத் தள்ளுவார். சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே கருவி நேரலையாகக் காட்டிக்கொண்டிருக்கும். விசை கொடுத்தாச்சு, நகர்வு தெரியுது. விறைப்பைப் பற்றி முதல் முறையாக நேரடித் தகவல் கிடைக்கிறது.

இதிலும் ஓட்டை உண்டு. எவ்வளவு விசை என்று யாரும் அளப்பதில்லை. சர்ஜனின் கைதான் லோட் செல். எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தால் ஆபரேஷன் என்பதிலும் மருத்துவர்களிடையே ஒருமித்த எண் இல்லை. பயோமெடிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் நண்பர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடிட்டு இருந்தா இங்கே ஒண்ணு கிடக்கு.

இதைவிட எளிமையான வழியும் உண்டு. ஸ்டேபிள் என்று நினைக்கும் நோயாளியை ஊன்றுகோலோடு எழுப்பி நடக்க வைத்து, பிறகு மறுபடி எக்ஸ்ரே எடுத்து முதல் படத்தோடு ஒப்பிடுவது. நகரவில்லை என்றால் நிம்மதி. உடலின் சொந்த எடைதான் டெஸ்ட் லோட்.

நம்ம பாட்டிக்கு

இதெல்லாம் பைக் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இல்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே எடுத்து, "முன்னால சின்ன கிராக், ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்" என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இரண்டு வாரம் ஆகியும் பாட்டி எழுந்து நிற்க முடியாமல் "இடுப்புக்குப் பின்னாடி வலிக்குதுடா" என்பார். வளைய விதியை ஞாபகப்படுத்திக்கோங்க: முன்னால் ஒன்று என்றால் பின்னால் தேடு. எலும்பு தேய்ந்தவர்களுக்கு சேக்ரத்தில் வரும் முறிவு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. சி.டி.யில் தெரியலாம். சி.டி.யிலும் தெரியாத நுண்முறிவு எம்.ஆர்.ஐ.யில் எலும்புக்குள் நீர்கோர்த்த மாதிரிப் பளிச்சென்று தெரியும். "பின்பக்கமும் பார்த்துட்டீங்களா டாக்டர்?" என்று நீங்க மரியாதையா ஒரு கேள்வி கேட்டாலே போதும்.

ரோட்டில் நாம்

கடைசியா ஒண்ணு. ரோட்டில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் நாம் என்ன செய்கிறோம்? நாலு பேர் சேர்ந்து தூக்கி உட்கார வைத்து, "ஒண்ணும் இல்ல, எந்திரிங்க அண்ணே" என்று நிற்க வைத்து, சோடா கொடுத்து, ஆட்டோவில் மடக்கி ஏற்றுவோம். மனசு நல்ல மனசுதான். ஆனால் உடைந்த வளையத்துக்கு நாம் கொடுக்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் அது. மயக்கம் இல்லாமல், எக்ஸ்ரே இல்லாமல். உள்ளே உறைய ஆரம்பித்த ரத்தக்கட்டியை அது பெயர்த்துவிடலாம்.

இடுப்பில் வலி என்றால், வேகமான மோதல் அல்லது உயரத்திலிருந்து விழுந்தது என்றால், உட்கார வைக்காதீங்க, நிற்க வைக்காதீங்க, இடுப்பை அழுத்திப் பார்க்காதீங்க. வண்டிகள் மேலே ஏறாதபடி தடுத்து, 108-க்குப் போன் பண்ணி, படுத்த நிலையிலேயே அசையாமல் வைத்திருங்க. குடிக்க ஒண்ணும் கொடுக்காதீங்க, ஆபரேஷன் தேவைப்படலாம். கூட உட்கார்ந்து பேசிக்கிட்டே இருங்க.

சி.டி.யை வைத்து ஒருவருடைய இடுப்பை ஃபைனைட் எலிமென்ட் மாடலாக்கும் வேலை ஆராய்ச்சிக் கூடங்களில் நடந்துகொண்டிருக்கிறது. எலும்பின் வடிவமும் அடர்த்தியும் ஸ்கேனிலிருந்து கிடைத்துவிடும். ஆனால் எந்த நார் அறுந்திருக்கிறது, எது பாதி பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது அதில் நேராகக் கிடைக்காது. ஜியாமெட்ரி கையில் இருக்கு, பவுண்டரி கண்டிஷன் தெரியல. அடுத்த தடவை ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டில் "விலகல் இல்லை" என்று படித்தால், அதோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கோங்க: அந்தப் படத்தை எடுக்கும்போது கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்ததா?